ஓடவிட்டுப் பார்ப்பது

குபார் அடித்து ஓய்ந்த மறுநாள்
ஃபஹாஹீலில் எல்லோருக்கும் என் நம்பர் ஞாபகம் வரும்.
'தம்பி, காத்து வருது, குளிர் வரல.'
'சொட்டுது தம்பி, சோபா நனையுது.'
'ஒரு நாத்தம், எலி செத்த மாதிரி.'
எலி சாவதில்லை.
ட்ரெயின் குழாயில் நுங்கு மாதிரி ஒன்று திரண்டிருக்கும்,
வாய் வைத்து ஊதினால் வந்துவிடும்.
அதைச் சொன்னால் காசு குறையும்.

மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினால்
வீடு வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் படிந்திருக்கும்.
மூன்றாம் மாடியில் குழந்தைப் பவுடர், மாவுத் தோசை போல.
ஐந்தாம் மாடி எகிப்து டீச்சர் வீட்டில்
பூனை மயிர், பக்கூர் புகை.
ஒரு பேச்சிலர் ரூமில்
சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றார்கள் மூன்று பேரும்.
மஞ்சள் போகக் கழுவிக் கொடுத்தேன்.

இன்னாசி சார் வீடு ஏழாம் மாடி.
உள்ளே கழுவி முடித்தாயிற்று.
பாலிதீன் பையில் கறுப்பாய் இறங்கியதைப் பார்த்து
'இதையா இத்தனை நாள் சுவாசிச்சோம்' என்றார் அவர் மனைவி.
எல்லா வீட்டிலும் இதே கேள்வி,
எல்லா வீட்டிலும் என்னிடம் ஒரே சிரிப்பு.

அவுட்டோர் யூனிட் சன்னலுக்கு வெளியே
துருவேறிய இரண்டு கம்பிமேல் உட்கார்ந்திருந்தது.
மணி பன்னிரண்டரை. சூடு நாற்பத்தொன்பது.
பதினொன்றிலிருந்து நாலு வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
கால் உள்ளே, உடம்பு வெளியே.
இடுப்புக்கு மேலேதான் நான் குற்றவாளி.

பெல்ட் வேனில். வேன் அஹ்மதியில்.
கையில் கயிறு மட்டும்.
'சார், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?'
சோபாக் காலில் இரண்டு சுற்று,
மிச்சம் அவருடைய இடது கையில்.
வலது கையில் போன்.
வாடகையில் இருபது தினார் ஏற்றிவிட்டார்களாம்.
'அதெப்படி ஏத்தலாம், நான் விடமாட்டேன்,
எங்கே வேணா வர்றேன், விடவே மாட்டேன்!'
அவர் கத்தக் கத்த
வெளியே எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு குரல் இறங்கியது.
'சரி சரி, விடு' என்றார்.

போனில்தான் சொன்னார்.
கைக்கும் கேட்டுவிட்டது போல,
கயிறு ஒரு சாண் தளர்ந்தது.

கீழே பார்க்கிங்கில் ஒரு வெள்ளைக் காரின் கூரை.
ஃபின்னுக்குள் இறுகிய மணல்
பம்புத் தண்ணீரில் குழைந்து, வழிந்து,
ஏழு மாடி இறங்கியது.
அதற்கு எத்தனை நொடி என்று எண்ணினேன்.
எண்ணக் கூடாது.

உள்ளே வந்ததும் கூலிப் பேச்சு.
'பன்னிரண்டா? போன வருஷம் எட்டுதானே?'
என்னைப் பிடித்திருந்த கையால்
பர்ஸைப் பிடித்திருந்தார், கயிற்றைவிட இறுக்கமாக.
பத்துக்குப் படிந்தது.
நோட்டை நீட்டியபோது பார்த்தேன்:
உள்ளங்கைக்குக் குறுக்கே
சிவப்பாய்ப் புரிமுறுக்கின் தடம்.
அந்த இரண்டு தினாரை அதற்குக் கழித்துவிட்டேன்.

'பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்க்கணும் சார்.'

ஒரு நிமிஷம் போதும்.
குழாய் வியர்த்தால் தெரியும்,
காயிலில் புறங்கை வைத்தால் தெரியும்.
மீதி ஒன்பதும் என்னுடையது.
பதினெட்டில் வைத்து, நேர் கீழே ஸ்டூலைப் போட்டு
உட்கார்ந்தால்
முதுகிலிருந்து சட்டை மெல்லப் பிரியும்.
அம்மா டாங் கலக்கிக் கொடுத்தார்.

மஹ்பூலாவில் என் ரூமில் ஆறு பேருக்கு ஒரு விண்டோ ஏசி.
இரவெல்லாம் இருமும்.
மேல்கட்டில் சிஜுமோன் வாராவாரம் கேட்பான்,
'ஏசிக்காரா, இதை எப்ப கழுவுவே?'
வெள்ளிக்கிழமை, என்பேன்.
வெள்ளிக்கிழமைகளில் தூங்கிவிடுவேன்.

'இன்னும் பாக்கணுமா தம்பி?'
'ரெண்டே நிமிஷம் சார்,
கம்ப்ரஸரில் ஒரு சத்தம்' என்று
காதைச் சாய்த்துக்கொண்டேன்.
ஒரு சத்தமும் இல்லை.